முருகைக்கல்லும் மலைநாடும்

(கண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ்ந்த இந்த ஊரில் முருகைக்கற்பாறைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், நண்பர் சிலர் தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். காலியிலோ திருகோணமலையிலோ பேச வேண்டியதைக் கண்டியில் ஏன் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்றைய பேச்சு முழுவதும் அதற்குச் சொல்லும் விடையாகவே அமையும்.

கண்டியரசு எல்லாக் காலத்திலும் கடலில்லாத அரசாக இருந்ததில்லை. திருகோணமலைக்குத் தெற்கே உள்ள கொட்டியாரக் குடா வரையில் அதன் ஆணை சென்ற காலம் உண்டு. புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்க 1660இல் அந்தக் குடாவில் ஒதுங்கியது. அதன் மாலுமிகள் சிலரை இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான ரொபேர்ட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கே சிறையிருந்து, 1679இல் தப்பிப்போய், கண்டியரசைப் பற்றிய தம் நூலை 1681இல் வெளியிட்டார். அவர் பிடிபட்ட அதே குடாவில்தான் நமது மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடி, கடலில் சேருகிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அந்த ஆற்றுக்குள் வடிகிறது. இந்த மண்டபத்துக் கூரையில் விழும் மழைநீரும் அந்த வழிதான் போகிறது.

முருகைக்கற்பாறை என்றால் என்ன என்பதை மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முருகை ஓர் உயிரினம், விலங்கு. குண்டூசித் தலையளவு முதல் விரல்நுனி அளவு வரையான சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துத் தம் அடியில் சுண்ணக்கல்லாகப் படியவைக்கின்றன. அவற்றின் உடற்கலங்களுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பாசி சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியை முருகை பெற்றுக்கொள்கிறது. ஆகவே முருகைக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். உருண்டு திரண்டு வளரும் முருகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. மான்கொம்புபோல் கிளைக்கும் இனங்கள் பத்து சென்டிமீட்டரையும் தாண்டும். உலகக் கடலடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் உள்ள இந்தப் பாறைகளில் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய கால்பங்கு தங்கி வாழ்கின்றன. இலங்கைக் கடலில் 180க்கு மேற்பட்ட கல்முருகை இனங்கள் பதிவாகியுள்ளன.

இனி, மலையிலிருப்பவர்களுக்கு நேரே தொடர்புள்ள விடயத்துக்கு வருகிறேன். அது சுண்ணாம்பு.

வீடு கட்டினால் சுண்ணாம்பு. சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு. புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு. வெற்றிலைத் தட்டிலும் சுண்ணாம்பு. நாட்டின் கட்டட வேலைக்கான சுண்ணாம்பில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாகத் தென்மேற்குக் கரையிலிருந்து வந்தது. அம்பலாங்கொடை, அக்குரலை, ஹிக்கடுவை என்று காலி வீதி நெடுகிலும் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. அவற்றில் எரிந்தது முருகைக்கல். கரையில் ஒதுங்கிய கல்லைப் பொறுக்கினார்கள். கரைக்கு உள்ளே நிலத்தில் புதைந்திருந்த பழங்கல்லைக் குழிவெட்டி எடுத்தார்கள். அது போதாதபோது கடலுக்குள் இறங்கி, கடப்பாரையால் உயிர்ப்பாறையையே பெயர்த்தார்கள். 1984இல் எடுத்த கணக்கின்படி, தென்மேற்குக் கரையில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சுண்ணாம்புத் தொழிலுக்குப் போனது. அதில் கடலுக்குள் உடைத்தெடுத்தது சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சிறு பகுதியே அலையைத் தடுத்துநின்ற பாறைவிளிம்பு.

நூறு கிலோ சுண்ணக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. மீதி 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போகிறது. இது பள்ளிக்கூட வேதியியல். கடலுக்குள் பல நூற்றாண்டுகளாகக் கட்டப்பட்ட கல்லை இரண்டொரு நாளில் சூளையில் எரித்து, கடலைச் சூடாக்கும் வாயுவையும் அதே சூளையிலிருந்து கிளப்பிவிட்டோம். சூளையில் வேலைசெய்த குடும்பங்கள் மிக ஏழைக் குடும்பங்கள். கல் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சுண்ணாம்பை மலிவு என்று வாங்கியவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். மலைநாட்டிலும் இருந்தார்கள்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதையும் சூளை வைப்பதையும் தடைசெய்தது. தடை வந்தவுடன் தொழில் நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் இரவிலும் விடியலிலும் நடந்தது. மாற்றுத் தொழிலென்று சிலருக்கு உள்நாட்டில் காணி கொடுத்தார்கள். கடலையே அறிந்தவர்கள் காணியில் நிலைக்காமல் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். சட்டம் எழுதுவதற்குச் செலவிட்ட அக்கறையில் பாதியாவது அந்தக் குடும்பங்களின் அடுத்தவேளைச் சோற்றுக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

இங்கே கண்டிக்கு ஒரு பங்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. திகன, குண்டசாலைப் பக்கத்திலும் மாத்தளையிலும் நிலத்துக்கடியில் டொலமைட், சுண்ணக்கல் படிவுகள் உள்ளன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி இறுகிய பாறை அது. தேயிலைத் தோட்டங்களில் கவாத்துக்குப் பிறகு மண்ணுக்கு இடும் டொலமைட் அங்கிருந்து வருகிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் மலைக்கல் கிடைக்கும்போது கடற்கல்லை அரைத்துப் போட வேண்டியதில்லை. மலையில் கல்லுடைப்பதற்கும் விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. தூசியும் வெடியும் பக்கத்து வீடுகளைத் தாக்குகின்றன, அதற்குரிய கட்டுப்பாடு வேண்டும். ஆனால் உயிரில்லாத பாறைக்கும் உயிருள்ள பாறைக்கும் இடையில் ஒன்றைத் தேர வேண்டுமானால், தேர்வில் எனக்கு ஐயமில்லை.

முருகைக்கல் உடைத்ததற்கு நாடு கொடுத்த விலை 2004 டிசம்பர் 26ஆம் திகதி தெரியவந்தது. ஹிக்கடுவைக்கு வடக்கே பெரலிய என்ற இடத்தில் நின்றிருந்த கொழும்பு–மாத்தறை ரயிலை அலை புரட்டியெடுத்தது. அந்த ஓரிடத்தில் மட்டும் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பேராசிரியர் ஹரீந்திர பெர்னாண்டோவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் அந்தக் கரையை அளந்து எழுதினார்கள். முருகைக்கல் களவாக உடைக்கப்பட்டிருந்த பெரலியவில் அலை சுமார் 10 மீட்டர் உயர்ந்து, நிலத்துக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை புகுந்திருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தெற்கே, பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீட்டர் உயரமே வந்து, ஐம்பது மீட்டர் அளவில் நின்றிருந்தது.

இந்த முடிவை எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. அதே சுனாமியை இந்தோனேசியாவின் அச்சேயில் ஆராய்ந்த வேறு ஆய்வாளர்கள், அத்தனை பெரிய அலைக்கு முன் முருகைக்கற்பாறை பெரிதாக உதவவில்லை என்றே கண்டார்கள். அலையின் அளவு, கடலடியின் சரிவு, கரையின் அமைப்பு எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆனால் பெரலிய, ஹிக்கடுவை என்ற அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையே இருந்த வேறுபாடு, பாறைவிளிம்பில் வெட்டிய இடைவெளியோடு பொருந்துவதை நான் ஏற்கிறேன். சுனாமி எப்போதாவது வருவது. ஆண்டுதோறும் தென்மேற்குப் பருவக்காற்றில் கரையை அரிக்கும் அலைக்கு எதிராகப் பாறை நாள்தோறும் வேலைசெய்கிறது. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில், முருகைக்கல் அளவின்றித் தோண்டப்பட்ட பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அங்கேயுள்ள மற்ற தீவுகளைக் கடல்சார் தேசிய பூங்காவாக 1986இல் அறிவித்தார்கள். தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பதற்கு 2015இலிருந்து கொங்கிரீட்டால் செயற்கைப் பாறைகள் வார்த்துக் கடலில் இறக்குகிறார்கள். இயற்கை கூலியின்றிக் கட்டியதைப் பெயர்த்துவிட்டு, பிறகு அரசாங்கப் பணத்தில் அதே இடத்தில் கட்டுகிறோம்.

கல் எடுப்பது இன்று பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் கடலின் வெப்பம் கூடிவிட்டது. கோடையில் வழக்கமாக எட்டும் உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் ஒரு பாகை செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தால், முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், சதைக்கு அடியிலுள்ள வெள்ளைக்கல் தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறிய முருகை அப்போதே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. வெப்பம் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். தணியாவிட்டால் முருகை சாகும்.

1998இல் எல் நினோவோடு வந்த வெப்பத்தில் இலங்கையின் ஆழங்குறைந்த பாறைகள் பெரும்பாலானவை அப்படிச் செத்தன. நாரா எனப்படும் தேசிய நீர்வாழ் வள ஆய்வு நிறுவனத்தின் அர்ஜன் ராஜசூரியவும் அவரது குழுவினரும் நீரில் இறங்கி எடுத்த கணக்கு நம்மிடம் இருக்கிறது. ஹிக்கடுவையில் உயிர்முருகை மூடியிருந்த பரப்பு 47 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கியது. கல்பிட்டிக்கு அப்பால், 1992இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப் பாறையில், ஆழங்குறைந்த பகுதி முழுவதுமே ஏறக்குறைய வெறுங்கல்லானது. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவின் பாறை அந்த ஆண்டில் தப்பியது.

அதன் பின் நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரே ஆண்டில், ஒரே வெப்பத்தால் செத்த இரண்டு பாறைகள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. பார் ரீஃப் பாறை மெல்ல மெல்ல மீண்டது. மேசைபோல் விரியும் முருகைகள் சில ஆண்டுகளில் வெறுங்கல்லின்மேல் படர்ந்தன. ஹிக்கடுவை அப்படி மீளவில்லை. செத்த முருகையின்மேல் சுண்ணப்பாசி அடர்ந்தது, மண் படிந்தது. புதிதாகப் பிறந்த முருகைக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ளச் சுத்தமான கல் இல்லை. கண்ணாடியடிப் படகுகளின் நெரிசல், விடுதிகளின் கழிவுநீர், மிதிக்கும் கால்கள் எல்லாம் அந்தச் சிறு இடத்தில் குவிந்திருந்தன. 1979இலேயே சரணாலயமாக்கி, 2002இல் தேசிய பூங்காவாக உயர்த்திய இடம் அது. பெயர்ப்பலகை பாறையைக் காக்கவில்லை.

இந்து சமுத்திரத்தின் நடுவே சாகோஸ் தீவுக்கூட்டத்தின் பாறைகளும் 1998இல் செத்தன. அவை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நன்றாக மீண்டன. அங்கே ஒரு இராணுவத் தளத்தைத் தவிர மனிதத் தொல்லை அநேகமாக இல்லை என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்தத் தீவுகளின் மக்கள் 1968க்கும் 1973க்கும் இடையில் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர்கள். மக்களை விரட்டிப் பாறையைக் காப்பது நமக்கு முன்மாதிரியாக முடியாது. மீனவர்களும் பயணிகளும் வாழ்ந்துகொண்டே, நீரைத் தெளிவாக வைத்திருக்கும் வழியைத்தான் நாம் தேட வேண்டும்.

நான் இன்று வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான். வெப்ப அலையைக் கண்டியோ கொழும்போ தனியாக நிறுத்த முடியாது. அடிபட்ட பாறை எழுந்திருக்குமா என்பதை உள்ளூர் நீரும் உள்ளூர்க் கைகளும் தீர்மானிக்கின்றன. எழுந்திருப்பதற்குக் கிடைக்கும் இடைவெளியும் சுருங்கிவருகிறது. 2016இல் பார் ரீஃப் பாறை மீண்டும் வெளிறி, மீண்டதையெல்லாம் இழந்தது. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது. பூமியின் சராசரி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் முருகைக்கற்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் குறையும் என்றும், 2 பாகை உயர்ந்தால் 99 சதவீதத்துக்கும் மேல் போய்விடும் என்றும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2018இல் சொன்னது. எஞ்சும் அந்தச் சிறு பங்கு எங்கே இருக்கும்? தெளிந்த நீர் உள்ள இடங்களில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இப்போது மகாவலிக்குத் திரும்புகிறேன். மலைநாட்டுக் காடு கோப்பிக்காக அழிந்து, 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்த பிறகு தேயிலைக்கு மாறியது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. அந்தச் சரிவுகளில் நிலமூடி இல்லாத பழைய விதைத்தேயிலையும், புகையிலையும், மரக்கறிப் பாத்திகளும் மழைக்கு மண்ணைக் கொடுத்துவிடுகின்றன. பலாவும் மிளகும் கமுகும் கறுவாவும் அடுக்கடுக்காக நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டத்தில் மண் அநேகமாக அசைவதேயில்லை. ஒரே மழையில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பல நூறு மடங்கு. 1976இல் கட்டிய பொல்கொல்லை அணைக்கட்டின் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைப் பன்னிரண்டே ஆண்டுகளில் மண் பிடித்துக்கொண்டது. உமா ஓயா கொண்டுவரும் மண் ரந்தம்பே நீர்த்தேக்கத்தை நிரப்பிய கதையும் பொறியியலாளர்களுக்குத் தெரியும்.

இந்த மண்ணெல்லாம் நேரே போய்ப் புறாமலையை மூடுகிறது என்று சொன்னால் அது மிகை. பெருமளவு மண்ணைக் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் பிடித்துவைக்கின்றன. தப்பிப் போவதில் பெரும்பகுதி கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும். புறாமலை குடாவுக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. ஆயினும் நுண்வண்டலும் கரைந்த உரமும் அணையில் தங்குவதில்லை. வெள்ளக் காலத்தில் ஆற்றுநீர் கடலில் கலங்கலாக வெகுதூரம் பரவுகிறது. கரைந்த உரம் பாசியை வளர்க்கும், பாசி முருகைக் குஞ்சுக்கு இடம் கொடுக்காது. மத்திய மலைகளிலிருந்து களனியும் களுவும் மேற்குக் கரைக்கு இறங்குகின்றன. மலையில் மண் அவிழ்ந்தால் ஏதோ ஒரு கரையில் நீர் கலங்கும்.

நகரத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். கண்டி வாவியிலிருந்து வழியும் மெத எல கால்வாய், நகரத்தின் கழிவைச் சுமந்துகொண்டு கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. கொஹாகொடைக் குப்பைமேடு ஆற்றங்கரையை ஒட்டியே இருக்கிறது. அதிலிருந்து கசியும் கறுப்புநீர் ஆற்றில் சேர்வதைப் பேராதனை ஆய்வாளர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். இதைத் திருத்துவதற்கு முருகைக்கற்பாறையைக் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை. கீழே அந்த ஆற்று நீரைக் குடிக்கும் மக்களே போதிய காரணம். கடலுக்கும் அது நன்மை.

புறாமலையைப் பற்றி இன்னும் சில சொற்கள். 2003இல் தேசிய பூங்காவானது. 2009இல் போர் முடிந்த பிறகு கண்டியிலிருந்தும் குருநாகலிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பஸ் பஸ்ஸாக மக்கள் போகிறார்கள். போகட்டும். பல ஆண்டுகள் போக முடியாதிருந்த கரை அது. கறுப்புநுனிச் சுறாக் குட்டிகளை முழங்காலளவு நீரில் பார்க்கும் பிள்ளை அதை வாழ்நாளில் மறக்காது. ஆனால் முழங்காலளவு நீரில் நிற்கும் கால் எதன்மேல் நிற்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் களைத்தபோது முருகையின்மேல் ஏறி நிற்கிறார்கள். பல ஆண்டு வளர்ந்த கிளை ஒரு மிதியில் முறிகிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும், மிதவைச் சட்டையும், படகுக்கு நங்கூரம் போடாமல் கட்டிக்கொள்ள நிலையான மிதவைகளும் அங்கே கண்டிப்பாக வேண்டும். வரம்பு வைத்தால் வருமானம் குறையும் என்று படகோட்டிகள் அஞ்சுவது இயல்பு. பாறை செத்தால் வருமானம் முழுதாகவே போகும் என்பதை ஹிக்கடுவையில் அவர்களுடைய தொழில்காரர்களே கண்டுவிட்டார்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதும் விதிதான் நிற்கும்.

கடைசியாக அறிவியலாளருக்கு உள்ள கடமை. 47 சதவீதம் 7 ஆனது என்று நாம் சொல்ல முடிவதற்குக் காரணம், 1998க்கு முன்பே யாரோ சிலர் அங்கே இறங்கி அளந்திருந்தார்கள் என்பதுதான். இந்தத் தீவைச் சுற்றியுள்ள பாறைகளில் பலவற்றுக்கு அப்படித் தொடர்ச்சியான கணக்கு இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துக் காயாங்கேணிப் பாறை 2019இல்தான் கடல் சரணாலயமானது. முறையே பெரிய வித்தையன்று. ஐம்பது மீட்டர் அளவுநாடாவைப் பாறையின்மேல் விரித்து, நாடாவுக்குக் கீழே எங்கெங்கே உயிர்முருகை, எங்கே பாசி, எங்கே மண், எங்கே உடைந்த கல் என்று எழுதுவது. அதே இடத்தில், அதே பருவத்தில், ஆண்டு தவறாமல் செய்வதுதான் கடினம். ஆராய்ச்சிப் பணம் மூன்றாண்டுக்கு வருகிறது, மாணவர் பட்டம் பெற்றுப் போகிறார், நாடா சுருட்டப்படுகிறது. எத்தனையோ நல்ல தொடக்கங்கள் இப்படியே அறுந்திருக்கின்றன.

ஆகவே இந்த மண்டபத்தில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கத்தில் கோணேசபுரியில், புறாமலைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் கடலை அறிவார்கள். நீங்கள் ஆற்றையும் மண்ணையும் அறிவீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஆண்டுக்கொரு முறை இருவரும் சேர்ந்து அங்கே ஒரே கோட்டில் நாடா விரியுங்கள். அதே ஆண்டில் கெட்டம்பேயிலும் பொல்கொல்லையிலும் மகாவலியின் கலங்கலை அளந்து, அந்த ஏட்டிலேயே பக்கத்தில் எழுதுங்கள். இந்த அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு சிறு பகுதியை, ஒரு மாணவரின் பஸ் கட்டணத்துக்கும் படகுக் கூலிக்கும் ஆண்டுதோறும் ஒதுக்குமாறு நிறுவிய குடும்பத்தாரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் அளவை வருகிற மே மாதமே எடுக்க வேண்டும்.